விரல் பார்த்துக் கேட்டவள்

லிஃப்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும். ஏறுகிறவர், இறங்குகிறவர் கையிலிருந்து நழுவும் சின்னச் சாமான்களெல்லாம் கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக நேராக அந்தப் பள்ளத்துக்குத்தான் போகும். சாவி, பேனா, ஒற்றைக் கம்மல், ஆபீஸ் அடையாள அட்டை, ஒரு தடவை யாருடையதோ பல் செட்டில் கீழ்ப்பாதி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் வீட்டுக்காரருக்கு முதல் பென்னி விசில் கிடைத்தது அப்படியொரு பள்ளத்தில்தான்.

ஒன்றேகால் சாண் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய், வரிசையாக ஆறு துளை, ஊதுகிற முனையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் வாய். அவ்வளவுதான். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் அதை ஒரு மாதம் தன் மேஜைமேல் வைத்துப் பார்த்தார். சொந்தம் கொண்டாடி ஒருவரும் வரவில்லை. "நீங்களே கொண்டுபோயிடுங்க சார். இங்க கெடந்தா நானே ஊத ஆரம்பிச்சிடுவேன், அப்புறம் என் வேலை போயிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கிரீஸைத் தேய்த்தெடுத்து, அவர் முதல் ஊது ஊதியபோது அடுப்படியிலிருந்து அவள் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"என்னங்க, பூனை எதுவும் எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

அவர் சிரித்த சிரிப்பில் குழல் கையைவிட்டு உருண்டது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. ஒரு மெல்லிய புத்தகம் தபாலில் வரவழைத்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு வட்டம் போட்டிருக்கும். கறுப்பு வட்டம் என்றால் துளையை மூடவேண்டும், வெள்ளை என்றால் திறக்கவேண்டும். இரண்டு கையாலும் குழலைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்ட முடியாதே. அவள்தான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்துச் சொல்வாள். "மேல ரெண்டு மூடுங்க. மூணாவதைத் திறங்க. ஐயோ, அது நாலாவதுங்க!" அப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரு தடவைகூட ஊதாமலே அவளுக்கு எல்லாச் சுரமும் விரல் கணக்கில் மனப்பாடமாகிவிட்டது.

ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாயிற்று. தகரத்தில் ஒன்று, நிக்கல் பூச்சில் ஒன்று, மரவாய் வைத்த ஒன்று. இன்னொரு ஊரில் குழல் செய்து விற்கிற ஒருவரோடு அவருக்குக் கடிதப் பழக்கம் ஏற்பட்டது. கழற்றிப் போட்ட ஒரு பழைய லிஃப்டின் மரச்சுவரை வாங்கிவந்து, துளை போட்டு, ஒரு தாங்கி செய்து கூடத்துச் சுவரில் மாட்டினார். எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். எச்சில் அடைத்துக்கொள்ளும் குழலுக்கு ஒரு சொட்டு சோப்பு விடுவார். வாய் இறுகிப்போனதை வெந்நீரில் முக்கித் தளர்த்துவார். அவள் தன் பங்குக்குப் பேர் வைத்தாள். எப்போதும் கரகரக்கும் ஒன்றுக்குச் சளிக்காரன். மேல் சுரத்தில் வீல் என்று கத்துவதற்கு மாமியார். "எங்கம்மா காதுல விழுந்துடப்போகுது" என்பார் அவர். எல்லாவற்றிலும் குட்டையாக, கறுப்பாக, ஒரு சாண்கூட இல்லாத ஒன்று இருந்தது. அதற்குச் சிட்டு என்று பேர். அதை எடுத்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் ஓடுவது தெரியாது.

வேலை முடிந்து வந்து, கை கிரீஸைக் கழுவிவிட்டு, ஆறரைக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஊதுவார். எதிரே அவள் துணி மடித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ உட்கார்ந்திருப்பாள். வருஷக்கணக்காக அந்த வீட்டின் ஆறரை மணி அப்படித்தான் இருந்தது.

அவள் பாட்டிலில் பழரசம் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பெல்ட்டில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும். பின்னால் வெளிச்சப் பலகை. கீறல் விழுந்ததைக் கண்டுபிடித்து எடுத்துப் போடவேண்டும். பத்தொன்பது வருஷம் அந்தக் கணகணப்புக்கு நடுவில் நின்றாள். காதில் செருகிக்கொள்ள மஞ்சள் ரப்பர் குமிழ் கொடுத்திருந்தார்கள். அரிக்கிறது என்று சூப்பர்வைசர் தலை தெரிந்தால் மட்டும் செருகுவாள். பின்னாளில் அதை நினைத்து அவள் தன்னைத் திட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை.

மகள் கல்லூரிக்குப் போன வருஷம், ஒரு நாள் மாலை அவர் சிட்டை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். அவள் கேட்டாள்: "ஏங்க, ஏன் சும்மா காத்த மட்டும் ஊதுறீங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் குழலைத் திருப்பிப் பார்த்தார், உதறினார், சோப்பு விட்டார், மறுபடி ஊதினார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கெட்டில் கூவுவது அவளுக்குக் கேட்காமல் போய், தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகியது ஒரு வாரத்துக்கு முன்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு இடப்பக்கம் மட்டமாகப் போய், வலப்பக்கம் படிக்கட்டில் உருண்டதுபோல் இறங்கியது. "மேல் சத்தம்தான் முதல்ல போகும். கீச்சுச் சத்தம், குருவி, போன் மணி இந்த மாதிரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழ வரும். போனது திரும்பாதும்மா. காதுல மெஷின் வச்சா பேச்சு ஓரளவு புரியும்" என்றார்.

மெஷின் பேச்சுக்கு உதவியது. குழலுக்கு உதவவில்லை. மெஷினோடு கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. அதனால் ஆறரைக்கு அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். இன்னும் நிறையக் கேட்டது. அவளுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு தபாலில் வந்த பெட்டிகள் நீளமாக இருந்தன. குழல் நீள நீளச் சத்தம் கீழே இறங்கும். முதலில் ஒன்றரைச் சாண். அப்புறம் இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. புது மோகம் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு நாள் தாங்கியைத் துடைக்கும்போது கவனித்தாள்: மேல் வரிசையில் இருந்த குட்டைக் குழல்கள்மேல் ஒரே தூசி. சிட்டின்மேல் விரல் வைத்தால் தடம் பதிந்தது. நான்கு வருஷமாக அவர் அவற்றைத் தொடவே இல்லை. அவள் காது எந்தப் படிக்கு இறங்கியதோ அந்தப் படிக்கு அவரும் குழலைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கி வந்திருக்கிறார். அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார்; மறுத்தால் அவளுக்கு அழுகை வந்துவிடும்.

கடைசியாக வந்தது ஒரு முழத்துக்கும்மேல் நீளம், அலுமினியம். துளைகள் தள்ளித் தள்ளி இருந்ததால் விரல் நுனி எட்டாது. நடுக்கணுவால் மூடி ஊதவேண்டும். ஊதி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். "இதுக்கும் கீழ செஞ்சா உங்க கை பத்தாது" என்று குழல் செய்கிறவர் எழுதியிருந்தார். அந்தக் குழலில் அவளுக்கு இரண்டு வருஷம் கேட்டது. ஆழத்திலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

பிறகு ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அதுவும் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. இன்று கேட்டதா, நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வரத் தொடங்கி, ஒரு மாலை சந்தேகமே இல்லாமல் போனது. எதிரே அவர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். அறையில் ஒன்றும் இல்லை.

அவர் முடித்துவிட்டு வழக்கம்போல அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் வழக்கம்போல் தலையாட்டினாள்.

அவர் கைக்கு இதற்குக் கீழே குழல் கிடையாது. சொன்னால் அவர் எங்கே இறங்குவார்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். ஆனால் ஒரு வாரத்தில் வேறொன்று தெரிந்தது. விரல்களைப் பார்த்தால் அவளுக்குப் பாட்டு தெரிந்தது. மேலே இரண்டு மூடி, மூன்றாவது திறந்து, ஒரு நடுக்கம் கொடுத்து... பழைய புத்தகத்து வட்டங்கள் அவர் கைமேல் கறுப்பும் வெள்ளையுமாக ஓடின. உள்ளுக்குள் எங்கோ அந்தப் பாட்டு ஓடியது. தப்பு விழுந்தால்கூடத் தெரிந்தது. அந்த அரைமணி நேரத்துக்காக அவள் நாளெல்லாம் காத்திருந்தாள். முன்னைவிட அதிகமாக என்றுகூடச் சொல்லலாம்.

மகளிடம் மட்டும் சொன்னாள். அவள் அப்போது கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்தாள். "ஏம்மா இப்படி? அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள் மகள். "சொல்றேன், சொல்றேன்" என்றே பதினான்கு மாதம் ஓட்டினாள்.

அன்று அவர் கொஞ்சம் முந்தி வந்திருந்தார். அவள் அடுப்படியை முடித்துவிட்டு, மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, துணிக்கூடையோடு வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஜன்னல் பக்கம். நீளக் குழல் உதட்டோரம் சாய்ந்திருந்தது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். அது அவளுக்குப் பிடித்த பாட்டு. கடைசியில் ஒரு சுரத்தை விடமாட்டேன் என்று பிடித்து இழுப்பார். விரல்கள் அந்த இடத்துக்கு வந்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன. பிறகு எழும்பின.

"இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "முக்கியமா அந்தக் கடைசி இழுப்பு."

அவர் மெதுவாகத் திரும்பினார். வலப்பக்கக் கன்னம் பந்துபோல் வீங்கியிருந்தது. வாய்க்குள் விரலை விட்டு ஒரு பஞ்சுருண்டையை வெளியே எடுத்தார். அதில் ரத்தம்.

அவள் மடித்த சட்டை கையிலேயே நின்றது. பல் வலி என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நேராகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு வாரம் ஊதக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கை மறந்துவிடக்கூடாதே என்று விரலை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம்தான் அவள் இழுப்பு நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் எழுந்து மேஜையிலிருந்த மெஷினை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

"போன வருஷ மழைக்கு முன்னாடியிருந்து."

"தினமும் தலையாட்டினியே."

"விரல் தெரியுதுங்க எனக்கு. நீங்க என்ன ஊதுறீங்கன்னு விரல்லயே தெரியும். போன மாசம் ரெண்டு நாள் மூணாவது துளையில தடுமாறினீங்க, அதுகூடத் தெரியும். நான் சும்மா ஆட்டலைங்க."

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். வாய் வீங்கியிருந்ததால் குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"செவுத்துக்கு ஊதியிருக்கேன்."

கோபத்தில் சொன்னதல்ல. கோபத்தில் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பாள்.

வாய் ஆறியது. அவர் குழலை எடுக்கவில்லை. அவள் கேட்டாள், கெஞ்சினாள், ஒரு நாள் தானே நீளக் குழலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் எடுத்து நாலு விரல் ஓட்டினார். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னால முடியல. நீ பாக்குற, கேக்கல. நான் ஊதும்போதெல்லாம் அது மட்டும்தான் தோணுது."

"பாத்தாப் போதுங்க எனக்கு."

"எனக்குப் போதலையே" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை தாங்கியிலிருந்த குழல்கள் அத்தனையையும் செய்தித்தாளில் சுற்றி இரண்டு பெட்டியில் அடுக்கினார். சர்வீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நூலகத்து மாடியில் குழல் ஊதுகிற சிலர் கூடுகிறார்களாம், அவர்களிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "வீட்டுல அது இருக்க இருக்க உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்." தாங்கி மட்டும் சுவரில் நின்றது, வெறும் துளைகளோடு.

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நல்லவராகிவிட்டார் என்றால் அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பேசும்போது எதிரே வந்து நின்று, வாயசைவு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். வெளியே போகும்போது சீட்டு எழுதி வைத்தார். பாத்திரம் தேய்த்தார். கொதித்ததும் தானாக நிற்கும் மின்சாரக் கெட்டில் வாங்கி வைத்தார். ஆறரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டார். பென்சிலைப் பிடித்த விரல்கள் அசையாமல் இருந்தன. அவளைப் பொறுத்தவரை அந்த வீடு அமைதியானது அப்போதுதான்.

நாலைந்து மாதம் கழித்து மகள் வந்திருந்தாள். அவர் வெளியே போனதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அப்பா வியாழக்கிழமை லேட்டா வர்றாரே, வேலைன்னு சொல்றாரா?"

"ஆமா. சர்வீஸ்னு சொல்வாரு."

"இல்லம்மா. நூலகத்து மாடிக்குப் போறாரு. நான் பாத்துட்டேன். கேட்டா, அம்மாகிட்ட சொல்லிடாதேன்னு கையெடுத்துக் கும்பிடாத குறை. அம்மாவால கேக்க முடியாததை நான் போய் ஆசையா ஊதிட்டு வர்றது அவளுக்குத் தெரியக்கூடாதுன்னாரு." மகள் மூக்கை உறிஞ்சினாள். "உன் ரகசியத்தையே பதினாலு மாசம் சுமந்தேன். ரெண்டாவதை என்னால முடியலம்மா."

அடுத்த வியாழன் அவள் ஷிஃப்ட் முடிந்து நேராக நூலகத்துக்குப் பஸ் ஏறினாள். என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்கவில்லை. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று ஓர் எண்ணம் இருந்தது. மாடிப்படி ஏறினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆறேழு பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே அவர்.

கையில் சிட்டு இருந்தது. கண் மூடியிருந்தது. அவளுக்குக் கேட்காமல் போனதால் பத்து வருஷத்துக்குமேல் அவர் தொடாமல் வைத்திருந்தது. விரல்கள் பறந்தன. பாதம் தாளம் போட்டது. முதல் பாட்டை அவள் கண்டுபிடித்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்றபடியே கூடவே போனாள். அது முடிந்ததும் பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி என்னவோ சொல்ல, அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. அவள் விரல்களைப் பார்த்தாள். மேலே ஒன்று, திறந்தது, மூன்று, மறுபடி... பிடிபடவில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தாள். வேகத்தால் அல்ல. அது அவளுக்குத் தெரிந்த பாட்டே இல்லை. புதுசு. அவள் புத்தகம் பிடித்து அவர் கற்றதல்ல, அவள் எதிரே உட்கார்ந்து அவர் பழகியதல்ல. அடுத்ததும் அப்படித்தான்.

அவள் கதவைத் தள்ளவில்லை. படியிறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவர் எட்டு மணிக்கு வந்தார். எதிரே வந்து நின்று, "ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. அதான் லேட்டு" என்றார்.

"ஆள் மாட்டிக்கிட்டாங்களா?"

"ரெண்டு பேரு."

"பயந்துட்டாங்களா பாவம்?"

"இல்ல... பேசிட்டே இருந்தாங்க" என்று சொல்லி அவர் கை கழுவப் போனார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சோப்பை இரண்டு தடவை கீழே போட்டார்.

அப்படியே வாரங்கள் ஓடின. வியாழக்கிழமைச் சட்டையை மட்டும் அவள் தனியாக இஸ்திரி போட்டு வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், போட்டுக்கொண்டார்.

ஒரு வியாழன் அவருக்கு விடுமுறை. ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. வெளியே போகக் காரணம் எதுவும் இல்லாமல் குறுக்கெழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. அவள் வந்து எதிரே நின்றாள்.

"என்னங்க, இன்னிக்கு எந்த லிஃப்டும் நிக்கலையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவள் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க. உள்ள இருக்கிறவங்க பாவம்."

அவர் எழுந்து குறுக்கெழுத்தை மேஜைமேல் வைத்தார். அவள் தோளை ஒரு தடவை இறுகப் பிடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்றாள். பிறகு மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். முந்தானை நனைந்து, மார்பு வலித்து, விளக்குப் போடவும் மறந்து அழுதாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி, கையைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். "என்னக்கா ஆச்சு நேத்து? அப்படி ஒரு சத்தம். நான் எவ்வளவு நேரம் கதவைத் தட்டினேன் தெரியுமா?"

தன் அழுகைக்குச் சத்தம் இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"டிவியா இருக்கும்" என்றாள். "எனக்குத்தான் தெரியாதே, சத்தமா வச்சிட்டேன் போல."